ஊர் கூடி இழுத்த தேர்: பினாங்குத் தைப்பூசமும் நம் பொதுவாழ்வும்

ஊர் கூடினால்தான் தேர் நகரும் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. தேர்வடம் எத்துணை உறுதியாக இருந்தாலும், அதைப் பற்றும் கைகள் ஒன்றுசேராவிடில் சக்கரம் அசையாது. தேர் நகர்ந்த பிறகோ, இழுத்தவர்கள் பழைய நிலையிலேயே இருப்பதில்லை. வடம் பிடித்தவருக்கும், வீதியோரம் நின்று வணங்கியவருக்கும், வழிவிட்டு ஒதுங்கிய அயலவருக்கும் இடையே ஓர் உறவு உண்டாகிவிடுகிறது. வழிபாட்டு மரபு ஒன்றைப் புதுப்பிப்பதும் காலத்துக்கு ஏற்ப மாற்றியமைப்பதும் ஆலயச் சுவருக்குள் முடிந்துவிடும் செயல்கள் அல்ல என்பதை இது காட்டுகிறது. அவற்றின் விளைவு தெருவுக்கும், சந்தைக்கும், பள்ளிக்கும், அண்டை வீட்டாருக்கும் சென்று சேர்கிறது.

இக்கருத்துக்கு நம் பினாங்கு மாநிலத் தைப்பூசத்தைவிடச் சிறந்த சான்று வேறில்லை. மாநிலத்தின் மக்கள்தொகையில் இந்தியர்கள் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கினரே. ஆயினும் தைப்பூசத்தன்று ஜார்ஜ் டவுன் நகரமே முருகப்பெருமானின் திருவீதியாக மாறிவிடுகிறது. இந்நிலை எவ்வாறு உண்டாயிற்று? எவற்றைக் காத்தோம்? எவற்றை மாற்றினோம்? அம்மாற்றங்களால் நம் சமூகத்துக்கும் பிற சமூகங்களுக்கும் நேர்ந்தவை யாவை? விழா மலரைக் கையில் ஏந்தியிருக்கும் அன்பர்களோடு இவ்வினாக்களைப் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

துறைமுக நகரில் ஊன்றிய வேர்

1786ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் இத்தீவில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கொடியை ஏற்றினார். அடுத்த சில ஆண்டுகளிலேயே சோழமண்டலக் கரையிலிருந்து வணிகர்களும் படகோட்டிகளும் கூலித் தொழிலாளர்களும் சலவைத் தொழிலாளர்களும் இங்கு வந்து சேர்ந்தனர். அவர்களுள் இந்துக்களும் இருந்தனர். தமிழ் முஸ்லிம்களும் இருந்தனர். குயின் ஸ்திரீட்டில் இன்று அருள்பாலிக்கும் ஸ்ரீ மகாமாரியம்மன் ஆலயத்துக்கான நிலம் 1801ஆம் ஆண்டில் வழங்கப்பட்டது. சிறு வழிபாட்டிடமாக இருந்த அது 1833ஆம் ஆண்டில் ஆலயமாக உருப்பெற்றது. அதே 1801ஆம் ஆண்டோடு தொடர்புடையது அருகிலுள்ள கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலின் தோற்றம். சூலியா தெருவில் நாகூர் ஆண்டகையின் நினைவாக எழுந்த தர்காவும் அப்பழங்காலத்தைச் சேர்ந்ததே. ஒரே கரையிலிருந்து வந்தவர்கள் தத்தம் வழிபாட்டு மரபுகளை ஒரே தெருக்கூட்டத்துக்குள் நிறுவிக்கொண்டனர் என்பது நாம் மறக்கக்கூடாத செய்தியாகும்.

1816ஆம் ஆண்டில் பினாங்கு பிரீ ஸ்கூல் தொடங்கப்பட்டபோது அங்குத் தமிழ் வகுப்பும் தொடங்கியது. இந்நாட்டுத் தமிழ்க் கல்வியின் தொடக்கமாக அதனையே கொள்கிறோம். கோயிலும் பள்ளியும் ஏறத்தாழ ஒரே காலத்தில் இம்மண்ணில் வேர்விட்டவை. ஒன்றன் வளர்ச்சியை மற்றதிலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது. இதனைப் பின்னர் விரிவாகக் காண்போம்.

தண்ணீர்மலையும் நகரத்தாரும்

செட்டிநாட்டு நகரத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பினாங்கில் கிட்டங்கிகளை அமைத்து வட்டித்தொழில் புரியத் தொடங்கினர். அவர்கள் எங்குச் சென்றாலும் முருகன் ஆலயம் ஒன்றை எழுப்புவது வழக்கம். பழநிக்குக் காவடி எடுத்து நடைப்பயணம் செல்லும் மரபு அவர்களிடம் பன்னெடுங்காலமாக இருந்து வந்தது. கடல் கடந்து வந்தபின் பழநிக்கு நடந்து செல்ல முடியுமா? முடியாது. ஆகவே, அவர்கள் பழநியையே இங்கு அமைத்துக்கொண்டனர்.

நகருக்கு மேற்கே பசுமையான மலைச்சாரலில் அருவி ஒன்று கொட்டுகிறது. அதன் காரணமாக ஆங்கிலேயர் அவ்விடத்தை வாட்டர்பால் என்றனர். நம்மவர்களோ தண்ணீர்மலை என்று இனிய பெயரிட்டு அழைத்தனர். அருவியின் அருகே முருகனுக்குச் சிறு சன்னிதி இருந்தது. மலையடிவாரத்தில் 1850களில் நகரத்தார் தெண்டாயுதபாணி ஆலயத்தை எழுப்பினர். செட்டிநாட்டில் பிள்ளைகளுக்குத் தண்ணீர்மலை என்று பெயர் சூட்டும் வழக்கம் இன்றும் உண்டு. கடல் கடந்த ஊர் ஒன்றின் மலைப்பெயர் தாய்மண்ணுக்குத் திரும்பிச் சென்று மக்கட்பெயராக வழங்குவது வியப்புக்குரியதன்றோ! மரபு ஒருவழிப் பாதையில் மட்டுமே செல்வதில்லை என்பதற்கு அப்பெயரே சான்று.

நகரத்தார் தம் வணிகத்தில் ஒரு பங்கை மகமையாக ஒதுக்கி அதனைக் கொண்டே ஆலயத்தையும் அன்னதானத்தையும் பேணினர். 1894ஆம் ஆண்டில் வெள்ளி இரதம் தமிழகத்திலிருந்து வந்து சேர்ந்தது. பினாங்கு ஸ்திரீட்டிலுள்ள கோயில் வீட்டிலிருந்து தைப்பூசத்துக்கு முதல்நாள் அதிகாலையில் முருகப்பெருமான் வெள்ளி இரதத்தில் எழுந்தருளி, நகரின் வீதிகளைக் கடந்து தண்ணீர்மலை ஆலயத்தை அடைவதும், பூசத்துக்கு மறுநாள் இரவு திரும்புவதும் வழக்கமாயிற்று.

இங்கு ஒரு நுட்பத்தைக் காண வேண்டும். தமிழகத்துக் கோயில்களில் தேர் பெரும்பாலும் கோயிலைச் சுற்றியுள்ள மாடவீதிகளில் வலம் வரும். பினாங்கிலோ வணிகர் தெருவிலிருந்து மலையடிவாரம் வரை, நகரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தேர் செல்கிறது. கிட்டங்கித் தெருவையும் மலைக்கோயிலையும் இணைக்கும் தேவையிலிருந்து இப்பாதை பிறந்தது. பழைய மரபுதான், ஆனால் பாதை புதியது. அப்பாதையில் வீடுகளும் கடைகளும் உடையோர் இந்துக்கள் மட்டுமல்லர். சீனர், மலாய்க்காரர், யூரேசியர் எனப் பலரின் வாயில்களைத் தேர் கடந்து சென்றது. இந்த ஒரு மாற்றமே தைப்பூசத்தைப் பினாங்கின் பொதுவிழாவாக ஆக்கிற்று எனலாம்.

காவடி எல்லாருக்கும் உரியதானது

காவடி என்னும் சொல்லைக் காவுதடி என்பதோடு பொருத்திக் கூறுவர். காவுதல் என்றால் தோளில் சுமத்தல். நகரத்தாரின் காவடி எளிய மரக்காவடி, மயிற்பீலி சூடியது, அலகு குத்துதல் இல்லாதது. இன்று நாம் காணும் பெரிய அலகுக் காவடிகள் வேறு வழியில் வளர்ந்தவை. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களும், செபராங் பிறைக் கரும்புத் தோட்டங்களிலும் பின்னர் இரப்பர்த் தோட்டங்களிலும் உழைத்தவர்களும் தத்தம் கிராமங்களின் வழிபாட்டு முறைகளை உடன்கொண்டு வந்தனர். மாரியம்மன், முனியாண்டி, மதுரைவீரன் வழிபாடுகளின் அலகும் தீமிதியும் உடுக்கையும் அவர்களுடையவை. அவர்களுள் பலர் ஒப்பந்தக் கூலிகளாகவும், பின்னர்க் கங்காணி முறையிலும் வந்தவர்கள். ஒப்பந்த முறை 1910ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டது. உதவிபெற்ற குடிபெயர்வை இந்திய அரசு 1938ஆம் ஆண்டில் நிறுத்தியது.

இத்தொழிலாளர்கள் தைப்பூசத்தைத் தமதாக்கிக்கொண்டபோது விழாவின் தோற்றமே மாறியது. வணிகர் சமூகத்தின் பூசம், உழைக்கும் மக்களின் நேர்த்திக்கடன் திருநாளாக விரிந்தது. ஆண்டு முழுவதும் பிறருக்காகச் சுமை தூக்கியவன் ஒருநாள் தன் விருப்பத்தால் இறைவனுக்காகச் சுமை தூக்கினான். அன்று அவனுக்கு வழிவிட்டு வீதியே ஒதுங்கி நின்றது. இதன் சமூகப் பொருளை நாம் குறைத்து மதிப்பிடலாகாது.

தோளில் தண்டு சுமக்கும் மரபு பினாங்கில் மற்றொரு வடிவிலும் நிலைபெற்றுள்ளது. தமிழ் முஸ்லிம் வணிகர்கள் தண்டின் இருபுறமும் சோற்றுப்பானையும் குழம்புப்பானையும் தொங்கவிட்டுத் தெருத்தெருவாக விற்ற உணவே நாசி கண்டார். கண்டார் என்னும் மலாய்ச்சொல் தோள்தண்டால் சுமப்பதைக் குறிக்கும். வழிபாட்டில் காவடியும், வாழ்க்கைத்தொழிலில் கண்டாரும் ஒரே தோளின் இரு சுமைகள். ஒரு சமூகம் கொண்டுவந்த பழக்கம் நகரம் முழுவதற்கும் உரிய அடையாளமாக மாறியமைக்கு இஃது இன்னுமோர் எடுத்துக்காட்டு.

சீர்திருத்தக் குரல்கள்

மரபு மாறியபோதெல்லாம் கேள்விகளும் எழுந்தன. 1929ஆம் ஆண்டு டிசம்பரில் தந்தை பெரியார் மலாயாவுக்கு வந்தபோது முதலில் கால்வைத்தது பினாங்கில்தான். அவர் வருகைக்கு எதிர்ப்பும் வரவேற்பும் ஒருங்கே இருந்தன. அதனைத் தொடர்ந்து மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வளர்ந்த சீர்திருத்த இயக்கத்தினர் அலகு குத்துதல், தீமிதி, உயிர்ப்பலி, சாதி வேற்றுமை ஆகியவற்றைக் கடுமையாகக் கண்டித்தனர். அதே காலப்பகுதியில் தாயகத்தில் ஆலய நுழைவுப் போராட்டம் நடைபெற்றது. 1936ஆம் ஆண்டில் திருவிதாங்கூரிலும், 1939ஆம் ஆண்டில் மதுரை மீனாட்சியம்மன் ஆலயத்திலும் ஒதுக்கப்பட்டோருக்குக் கதவுகள் திறந்தன. அக்கோரிக்கை மலாயாக் கோயில்களிலும் எதிரொலித்தது.

நாம் ஆத்திகர்கள், பெரியாரின் கடவுட் கொள்கையை ஏற்க இயலாதவர்கள். ஆயினும் நேர்மையாகச் சொன்னால், அக்காலத்துக் கேள்விகள் நம் ஆலயங்களுக்குத் தீங்கைக் காட்டிலும் நன்மையையே மிகுதியாகச் செய்தன. சாதி பார்த்து வாயிலில் நிறுத்தும் வழக்கம் மறைந்தது. பல கோயில்களில் உயிர்ப்பலி நின்றது. கேள்வி கேட்டவர்கள் விரும்பியது போல் காவடி மறையவில்லை. அவர்கள் கேள்வி கேட்காதிருந்தாலோ, அதே காவடியைச் சுமக்க எல்லாருக்கும் ஒத்த உரிமை கிடைத்திருக்குமா என்பது ஐயத்துக்குரியது. கேள்விக்கு உட்பட்டுத் தன்னைத் திருத்திக்கொண்ட மரபே வலிமை பெற்றது.

தேங்காயும் தண்ணீர்ப்பந்தலும்

வெள்ளி இரதத்தின் முன் குவியல் குவியலாகத் தேங்காய் உடைப்பது பினாங்குத் தைப்பூசத்தின் தனிச்சிறப்பு. இதனை மிகுதியாகச் செய்வோருள் சீன அன்பர்களும் வணிகர்களும் உள்ளனர் என்பது வெளியூரார்க்கு வியப்பைத் தரும். நமக்கு அது பழகிய காட்சி. சீனர் பலர் பால்குடமும் காவடியும் ஏந்துகின்றனர். அவர்களுடைய ஒன்பது பேரரசர் திருவிழாவிலும் பலநாள் சைவ உணவு நோன்பு, வெள்ளாடை, அலகு குத்துதல் ஆகியவை உண்டு. நேர்த்திக்கடன் என்னும் பொதுமொழி இரு சமூகங்களுக்கும் புரிந்தது. எவரும் திட்டமிட்டு உருவாக்கிய நல்லிணக்கம் அன்று இது. தேர் வாயிலுக்கு வந்தது. வாயிலில் நின்றவர் கைகூப்பினார். ஒருவர்க்கொருவர் சமயத்தை விளக்கிக்கொள்ளாமலே மதிக்கக் கற்றுக்கொண்டனர்.

டத்தோ கிராமாட் சாலை, ஜாலான் உத்தாமா, ஜாலான் கெபுன் பூங்கா ஆகியவற்றின் ஓரங்களில் எழும் தண்ணீர்ப்பந்தல்கள் மற்றொரு மரபுத்தொடர்ச்சி. வழிநடையாளருக்கு மோரும் நீரும் அளிக்கும் தமிழ்நாட்டு அறம், இங்குத் தொழிற்சாலை ஊழியர்கள், வங்கிகள், அரசுத் துறைகள், நண்பர் குழுக்கள் நடத்தும் பந்தல்களாக வளர்ந்துள்ளது. அங்கு உணவு பெறுவோரிடம் இனமோ சமயமோ கேட்கப்படுவதில்லை. ஆலய உறுப்பினராக இல்லாத இளைஞர்கள் பலருக்குத் தொண்டின் முதற்பாடம் பந்தலில்தான் கிடைக்கிறது.

ஆயினும் வளர்ச்சிக்கு ஒரு விலையும் உண்டு. தேங்காயின் எண்ணிக்கை பெருமைக்குரிய போட்டியாக மாறும்போது காணிக்கையின் பொருள் மங்குகிறது. பினாங்குப் பயனீட்டாளர் சங்கம், தேங்காய்களை அளவுக்கு மீறி உடைப்பதைக் குறைத்துக்கொள்ளுமாறு பல ஆண்டுகளாக வேண்டி வருகிறது. உடைந்தபின் அவற்றைக் கூட்டி அள்ளுவோர் மாநகர் மன்றப் பணியாளர்கள் என்பதை நினைத்தல் வேண்டும். சில பந்தல்களில் திரைப்பாடல்கள் காதைத் துளைக்கும்போது, அருகே மருத்துவமனையும் குடியிருப்புகளும் இருப்பது மறந்துபோகிறது. அரசுப் பணியில் இருப்போர்க்கு இதன் மறுபக்கம் தெரியும். ஒரு தைப்பூசத்துக்காகச் சாலைகள் மூடப்பட வேண்டும். காவல், சுகாதாரம், தீயணைப்பு, குடிநீர் என ஒவ்வொரு துறையிலும் ஊழியர்கள் பலர் தம் ஓய்வைத் துறந்து பணிபுரிய வேண்டும். அவர்களுள் பெரும்பாலோர் நம் சமயத்தவர் அல்லர். அவர்கள் முகங்கோணாமல் ஒத்துழைப்பது நமக்குக் கிடைத்த பெரும் நன்மதிப்பு. அந்நன்மதிப்பு வற்றாத ஊற்று என்று எண்ணிவிடக் கூடாது.

நகரம் மாறியது

இரண்டாம் உலகப்போரில் 1941ஆம் ஆண்டு டிசம்பரில் பினாங்கு ஜப்பானியர் வசமாயிற்று. போருக்குப் பின் நகரத்தாருள் பெரும்பாலோர் தாயகம் திரும்பினர். 1969ஆம் ஆண்டில் ஜார்ஜ் டவுன் தன் தடையிலாத் துறைமுகத் தகுதியை இழந்தது. துறைமுகத்தை நம்பி வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் பெரிதும் தவித்தன. 1972ஆம் ஆண்டில் பாயான் லெப்பாஸ் தடையிலா வாணிப வட்டாரம் தோன்றிய பின், நம் பிள்ளைகள் தொழிற்சாலைகளை நோக்கிச் சென்றனர். 1985ஆம் ஆண்டில் எம்.வி. சிதம்பரம் கப்பல் தீக்கிரையானதோடு, தாயகத்துடனான பயணிகள் கப்பல் தொடர்பும் முடிவுற்றது. நாதசுரக் கலைஞரும், ஓதுவாரும், கோயில் பொருள்களும், உறவினரும் வந்துபோன கடல்வழி அது.

2000ஆம் ஆண்டு தொடக்கத்தில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடைமுறையிலிருந்து நீங்கியது. பழைய நகரின் கடைவீடுகளில் குறைந்த வாடகையில் பல தலைமுறையாக வாழ்ந்தோர் வெளியேற நேர்ந்தது. 2008ஆம் ஆண்டு ஜூலையில் ஜார்ஜ் டவுன் மலாக்காவோடு யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய நகரமாக அறிவிக்கப்பட்டது. கட்டடங்களுக்குப் பாதுகாப்பு கிடைத்தது. சுற்றுலாப் பயணிகள் பெருகினர். ஆனால் கோயிலைச் சுற்றி வாழ்ந்த குடும்பங்கள் புறநகர் அடுக்ககங்களுக்குச் சென்றுவிட்டன. மாலைப் பூசைக்கு நடந்து வந்தவர்கள் இன்று வாகனம் நிறுத்த இடம் தேடுகின்றனர். கோயில் இருந்த இடத்திலேயே இருக்கிறது, குடிகள் பெயர்ந்துவிட்டனர். இந்தப் பின்னணியை மனத்திற்கொண்டே அண்மைக் காலப் புதுப்பித்தல்களை நாம் மதிப்பிட வேண்டும்.

மலைமேற் கோயிலும் இரண்டாம் இரதமும்

தண்ணீர்மலை ஸ்ரீ பாலதண்டாயுதபாணி ஆலயம் 2012ஆம் ஆண்டில் மலையுச்சியில் புதுப்பொலிவோடு எழுந்து குடமுழுக்குக் கண்டது. 500க்கும் மேற்பட்ட படிகளை ஏறிச் செல்ல வேண்டிய அவ்வாலயம் பினாங்கு நகரின் புதிய அடையாளமாயிற்று. தைப்பூசத்தில் மட்டுமன்றி, அன்றாடம் காலையிலும் மாலையிலும் உடற்பயிற்சிக்காகப் படியேறும் பல இனத்தாரையும் அங்குக் காணலாம். வழிபாட்டிடம் ஒன்று பொதுமக்களின் நலத்துக்கும் பயன்படுவது மகிழ்ச்சிக்குரியது.

2017ஆம் ஆண்டில், 1906ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த பினாங்கு இந்து அறப்பணி வாரியத்தின் முயற்சியால் தங்க இரதம் முதன்முறையாக ஊர்வலம் வந்தது. குயின் ஸ்திரீட் மகாமாரியம்மன் ஆலயத்திலிருந்து முருகனின் வேலைத் தாங்கி அது புறப்பட்டது. நூற்றாண்டுக்கும் மேலாக ஒரே இரதம் சென்ற பாதையில் இரண்டு இரதங்கள் செல்லத் தொடங்கின.

இதுபற்றி ஊரில் இருவேறு கருத்துகள் எழுந்தன. விழா இந்நாட்டு இந்துக்கள் அனைவர்க்கும் உரியது. ஆகவே, பொதுநிறுவனத்தின் பொறுப்பில் ஓர் இரதம் இருப்பது முறையே என்றனர் ஒருசாரார். பல தலைமுறையாகத் தன் பொருளையும் உழைப்பையும் ஈந்து விழாவைக் காத்துவந்த சமூகத்தின் மனம் நோகலாகாது; ஒரு முருகனுக்கு இரு தேர் எதற்கு என்றனர் மறுசாரார். இரு கருத்துகளிலும் நியாயம் உண்டு. தீர்ப்புக் கூறுவது இக்கட்டுரையின் வேலையன்று. இந்நிகழ்ச்சி உணர்த்தும் பாடம் ஒன்று உண்டு. மரபை மாற்றும்போது, ‘இது யாருடையது?’ என்னும் கேள்வி கட்டாயம் எழும். காத்தவருக்கு உரிமை உண்டு. கலந்துகொண்டவருக்கும் உரிமை உண்டு. முன்னவரின் உழைப்பைப் போற்றாமல் பின்னவரின் உரிமையை நிலைநாட்டினால் பிளவு உண்டாகும். பின்னவரின் உரிமையை மறுத்து முன்னவரின் உழைப்பை மட்டும் பேசினால் விழா சுருங்கும். முன்கூட்டியே ஒருவரோடு ஒருவர் அமர்ந்து பேசுவது, பின்னர் நாளேடுகளில் அறிக்கை விடுவதினும் சாலச் சிறந்தது.

பிற நாடுகள் கூறும் பாடம்

சிங்கப்பூரில் தைப்பூசம் 1968ஆம் ஆண்டிலிருந்து பொதுவிடுமுறைப் பட்டியலில் இடம்பெறவில்லை. ஊர்வலப் பாதையில் இசைக்கருவிகள் வாசிப்பதற்கு 1973ஆம் ஆண்டில் தடை வந்தது. 2016ஆம் ஆண்டில்தான் குறிப்பிட்ட மூன்று இடங்களில் நேரடி இசைக்கு இடமளிக்கப்பட்டது. இத்தனைக்கும் இடையே அங்குக் காவடி நிற்கவில்லை. ஒழுங்கும் காலந்தவறாமையும் மிகுந்தன. ஆனால் ஒருமுறை விட்டுப்போன உரிமையை மீண்டும் பெற எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பதையும் அது காட்டிற்று. பினாங்கில் தைப்பூசம் மாநிலப் பொதுவிடுமுறை நாள். நமக்கு இவ்வுரிமை எளிதாக அமைந்திருப்பதால் அதன் அருமை தெரியாமல் போய்விடக் கூடாது.

மொரீசியஸ் தீவிலும் தைப்பூசக் காவடி பொதுவிடுமுறையோடு சிறப்பாக நடைபெறுகிறது. பிறநாட்டவரும் அங்குக் கலந்துகொள்கின்றனர். ஆயினும் அங்குள்ள தமிழ் வழிவந்தோருள் பெரும்பாலோர் வீட்டில் பேசும் மொழி கிரியோல். தமிழைப் பள்ளியிலும் கோயிலிலும் முயன்று கற்கின்றனர். காவடி நிலைத்தது, மொழி தளர்ந்தது. இதை நினைக்கும்போது நம் நிலையையும் எண்ணாமலிருக்க முடியவில்லை.

மொழியும் இசையும்

பினாங்கில் இன்று 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. நகர்ப்புறத்துப் பள்ளிகள் சிலவற்றில் மாணவர் எண்ணிக்கை கவலை அளிக்கிறது. தைப்பூசத்தில் காவடி ஏந்தும் இளைஞருள் எத்தனை பேரால் காவடிப் பாடலின் பொருளை உணர முடிகிறது? ஆலயத்தின் அறிவிப்புப் பலகையைத் தமிழில் படிக்க இயலாத பக்தர்கள் பெருகினால், சடங்கு இருக்கும். அதன் சொல் இராது. சொல் இல்லாத சடங்கு நாளடைவில் வேடிக்கையாகிவிடும். படம் எடுப்போருக்கு அது போதுமானதாக இருக்கலாம், வழிபடுவோருக்குப் போதாது.

இசைத்துறையில் நம்பிக்கையூட்டும் மாற்றம் ஒன்றையும் குறிப்பிட வேண்டும். தோட்டப்புறக் கோயில்களில் ஒலித்த உறுமிமேளம் ஒருகாலத்தில் நாகரிகக் குறைவாகக் கருதப்பட்டது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகருக்கு வந்தபோது அவ்வொலியும் உடன்வந்தது. இன்று மலேசிய இளைஞர்கள் குழுக்களாகச் சேர்ந்து உறுமியைப் பயில்கின்றனர். இது நம் நாட்டுக்கே உரிய பாணியாக வளர்ந்துள்ளது. உறுமிக்குழுக்கள் சில நேரங்களில் கட்டுக்கடங்காமல் போவதைக் கண்டு முகம் சுளிப்போர் உண்டு. ஆனால் மாலைநேரத்தில் வீணே திரியக்கூடிய இளைஞன் ஒருவன் கோயில் வாசலில் தாளம் பயில்கிறான் என்றால், அவனை விரட்டுவதா, உள்ளே அழைத்து ஒழுங்கும் பாடலும் கற்பிப்பதா? விடை கூற வேண்டியவர்கள் ஆலய நிர்வாகத்தினரே. நாதசுரமும் தவிலும் உள்ளூரிலேயே பயிலும் வாய்ப்பை உண்டாக்குவதும் அவர்கள் கையில்தான் உள்ளது. ஒவ்வொரு விழாவுக்கும் தாயகக் கலைஞர்களையே எதிர்பார்த்திருப்பது நெடுநாளைக்கு இயலாது.

நமக்குரிய அளவுகோல்

பெருந்தொற்றுக் காலத்தில், 2021ஆம் ஆண்டுத் தைப்பூசம் வழக்கமான மக்கள் திரளின்றிக் கழிந்தது. வீட்டிலேயே பால் வைத்து வழிபட்டோம். அவ்வாண்டு முருகன் அருள் குறைந்துவிடவில்லை. ஆனால் ஊர் எதையோ இழந்ததை அனைவரும் உணர்ந்தோம். நம்மவர் மட்டுமன்றி, பூமாலை கட்டுவோர், தேங்காய் விற்போர், உணவுக் கடைக்காரர், வாடகை வாகன ஓட்டுநர் எனப் பலரும் அவ்விழாவோடு தம் வாழ்வை இணைத்திருந்தது அப்போதுதான் தெளிவாகத் தெரிந்தது.

ஆகவே, ஒரு மரபைப் புதுப்பிக்கவோ மாற்றவோ முற்படும்போது சில கேள்விகளை நாம் கேட்டுக்கொள்வது நலம். இம்மாற்றத்தால் வடம் பிடிக்கும் கைகள் கூடுமா, குறையுமா? இதற்கு முன் உழைத்தவர்களுக்கு உரிய மதிப்பை அளித்தோமா? அண்டை அயலாருக்கு இதனால் ஏற்படும் இடர் என்ன. அதனை அவர்களிடம் முன்னரே கூறினோமா? இளந்தலைமுறைக்கு இதன் பொருளைத் தமிழில் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு உண்டா? செலவிடும் ரிங்கிட்டில் ஒரு பங்கேனும் கல்விக்கும் எளியோர்க்கும் போய்ச் சேருமா? நகரத்தார் காட்டிய மகமை முறையை இக்காலத்துக்கு ஏற்ப மாற்றி, விழாச் செலவோடு ஒரு கல்வி நிதியையும் இணைத்துக்கொண்டால், தேர் சென்ற பிறகும் அதன் பயன் ஊரில் தங்கும்.

இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக இம்மண்ணில் நம் முன்னோர் செய்தது இதுவே. பழநியை நினைந்து தண்ணீர்மலையைக் கண்டனர். மாடவீதியை விரித்து நகரவீதி ஆக்கினர். வணிகரின் விழாவைத் தொழிலாளரும், தமிழரின் விழாவைச் சீனரும் தமதென்று கொள்ள இடமளித்தனர். மாறாதிருந்து காத்தது சிறிது. மாற்றிக் காத்ததே பெரிது. அம்மாற்றங்களில் நிலைத்தவை எல்லாம் வடத்தைப் பலர் கைக்கு எட்டச் செய்தவையே.

திருவிழாக் காலத்தில் ஆலயத்துக்கு வரும் ஒவ்வோர் அன்பரும் தம் பிள்ளையையோ பேரப்பிள்ளையையோ உடன் அழைத்து வந்து, தேர் ஏன் இவ்வழியே செல்கிறது என்பதை இரண்டு சொற்களில் கூறினால் போதும். வடத்தின் அடுத்த முனை அவர்கள் கையில் சேர்ந்துவிடும். எல்லாம் வல்ல முருகப்பெருமானின் திருவருள் அனைவர்க்கும் கிட்டுவதாக.